அழித்த பிறகும் தெரியும் படம்

2015 ஆகஸ்டு மாதக் கடைசியில் மலேசிய உள்துறை அமைச்சு ஓர் ஆணையை அரசிதழில் வெளியிட்டது. 'பெர்சே 4' என்று எழுதிய மஞ்சள் உடைக்குத் தடை. எந்தச் சட்டத்தின் கீழ் தடுத்தார்கள் என்பதுதான் இதில் சுவையான பகுதி. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். நாளிதழையும் நூலையும் துண்டறிக்கையையும் கட்டுப்படுத்த எழுதிய சட்டம் அது. அதன் பார்வையில் ஒரு டீ-சட்டை வெளியீடாகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு ரயிலேறி கோலாலம்பூருக்கு வந்தவர் பதிப்பாளராகிவிட்டார். கேலியாகத் தோன்றினாலும், அமைச்சின் அதிகாரிகள் விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்வேன். ஓர் எழுத்தையும் ஒரு நிறத்தையும் ஆயிரக்கணக்கான பிரதிகளாகத் தெருவில் பரப்பினால், அது பதிப்புத்தான்.

தூய்மையான தேர்தல் வேண்டும் என்று கேட்ட பெர்சே இயக்கம் 2007 நவம்பர் 10இல் முதன்முறை தெருவில் இறங்கியபோதே மஞ்சளைத் தேர்ந்துவிட்டது. 2011 ஜூலை 9இல் அம்பிகா சீனிவாசன் தலைமையில் இரண்டாம் பேரணி நடந்தபோது, அதன் மஞ்சள் சட்டைக்கு அப்போதே தடை வந்தது. மலாய் மரபில் மஞ்சள் அரச நிறம். அரண்மனை வாசலுக்கு மனு கொண்டுபோகிறவர்களுக்குப் பொருத்தமான நிறம். ஆனால் அரசியலை ஒதுக்கிவிட்டு, கண்ணையும் மூளையையும் மட்டும் கேட்டாலும் அவை மஞ்சளைத்தான் சுட்டிக்காட்டும்.

நம் விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. ஒன்று நீண்ட அலைநீள ஒளிக்கும், ஒன்று நடுத்தர அலைநீளத்துக்கும், மற்றொன்று குறுகிய நீல ஒளிக்கும் அதிகமாகக் கிளரும். 'இது எவ்வளவு வெளிச்சம்?' என்ற கணக்கை மூளை பெரும்பாலும் முதல் இரண்டையும் கூட்டியே போடுகிறது; நீலக் கூம்புக்கு அந்தக் கணக்கில் ஏறக்குறையப் பங்கே இல்லை. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகவும் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளம், அதாவது மஞ்சளை நோக்கிச் சாயும் பச்சை. தூய மஞ்சள் அதற்கு அடுத்த வீடு. அது இரண்டு கூம்பையும் ஒருசேரக் கிளப்புகிறது.

கைபேசித் திரையில் இதை எண்ணாகவே பார்க்கலாம். வெள்ளையின் வெளிச்சத்தை 100 என்று வைத்தால், திரையின் முழு மஞ்சளுக்கு ஏறக்குறைய 93. பச்சைக்கு 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராப் இயக்கத்தினர் அணிந்த செம்மஞ்சளுக்குச் சாயலைப் பொறுத்துப் பாதி அளவு கிடைக்கும். வெள்ளைக்கு இவ்வளவு நெருக்கமான வெளிச்சமும் வேண்டும், 'நான் ஒரு நிறம்' என்ற அடையாளமும் வேண்டும் என்றால் மஞ்சளைவிட்டால் வேறில்லை.

இதே காரணத்தால் மஞ்சள் காலை வாரியும் விடும். மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து எழுதினால் இரண்டுக்கும் உள்ள வெளிச்ச விகிதம் 19 மடங்குக்கு மேல். வெள்ளை மேல் மஞ்சளில் எழுதினால் 1.07 மடங்குதான். சாதாரண அளவு எழுத்தைச் சிரமமின்றிப் படிக்கக் குறைந்தது 4.5 மடங்கு வேண்டும் என்பது இணைய வடிவமைப்பில் உலகம் ஒத்துக்கொண்ட அளவு. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்தில் முழக்கம் எழுதுகிறவர் தன்னைத்தானே தணிக்கை செய்துகொள்கிறார்; அமைச்சுக்கு வேலையே வைப்பதில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் இதே அறிவியலை அரசாங்கமே சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது அங்கேதான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வருகிறவரை வழியில் காணாமல் அந்த வட்டாரத்தில் ஒரு நாள் கழியாது. தரையில் புடைப்புக் கோடும் புடைப்புப் புள்ளியும் கொண்ட ஓடுகள் இருக்கின்றன: கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். ஜப்பானில் செய்ச்சி மியாகே உருவாக்கி, 1967இல் ஒக்காயாமா நகரத்துத் தெருவில் முதன்முதலில் பதித்தது அந்த ஓடு. முழுக்கப் பார்வை இல்லாதவருக்குப் புடைப்பே போதும். ஆனால் பார்வை குறைந்தவர்களில் பலருக்கு வெளிச்ச வேறுபாடு கடைசிவரை கொஞ்சமாவது மிஞ்சும், அவர்களுக்காகத்தான் மஞ்சள். பேரணிச் சட்டைக்கும் நடைபாதை ஓட்டுக்கும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரே விழித்திரை.

நிறத்தை மறுபடியும் கூட்டத்துக்குள் கொண்டுபோவோம். உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு மனிதர் நாலைந்து படப்புள்ளிகளுக்குள் சுருங்கிப் போவார். முகம் போய்விடும், சட்டையின் எழுத்து போய்விடும், ஆணா பெண்ணா என்பதும் போய்விடும். நிறம் மட்டும் தங்கும். இவ்வளவு இழந்த பிறகும் அந்தப் படத்திலிருந்து எண்ணிக்கை எடுக்க முடியும் என்று காட்டியவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் இதழியல் கற்பித்தவர். அவர் அறை சன்னலுக்குக் கீழே மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கூடுவார்கள். சதுக்கத்தின் தரையில் கட்டம் போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, கட்டங்களால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி என்ற அவருடைய அளவு இன்றும் புழக்கத்தில் உண்டு.

60 அடி அகலமுள்ள சாலை ஒரு கிலோமீட்டர் தூரம் நிறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தளர்வு என்று கொண்டால் 20,000க்குச் சற்றுக் குறைவு. நெருக்கம் என்று கொண்டால் 43,000க்கு மேல். ஒரே சாலை, ஒரே படம். யாரும் பொய் சொல்லாமலேயே எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பெர்சே 4 பேரணியில் போலீஸ் பல்லாயிரம் என்றும் ஏற்பாட்டாளர்கள் இலட்சங்கள் என்றும் சொன்னார்கள். அந்த இடைவெளி முழுவதையும் இந்தச் சூத்திரத்தால் விளக்கிவிட முடியாது. ஆனால் 'ஆளுக்கு எத்தனை சதுர அடி வைத்தீர்கள்?' என்று கேட்கத் தெரிந்த ஒரு குடிமகன் இருந்தால் இரு தரப்பும் கொஞ்சம் யோசித்துப் பேசும்.

அடையாளமும் செய்தியும் கைகோத்துப் போவது கிள்ளான் வட்டாரத்துக்குப் பழைய சங்கதி. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, பேச்சுரிமை ஆகியவற்றோடு, துரை எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. தொழிலாளர்கள் காந்தி குல்லா அணிந்தார்கள். ரப்பர் மரங்களின் அடர்நிழலில் ஒரு வெள்ளைக் குல்லாயைப் போலத் தூரத்திலிருந்து தெரியும் பொருள் அந்தக் காலத்துத் தோட்டத்தில் வேறு என்ன இருந்திருக்கும்? மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பின்னாளில் செய்தி வேறு வழி தேடியது: பத்திரிகைக்கு உரிமம் வேண்டும், இணையத்துக்கு வேண்டியதில்லை என்ற ஓட்டை வழியாக 1999 நவம்பரில் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் பிறந்தது. 2007 அக்டோபர் 30இல் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டபோது, அந்தப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி, மின்னஞ்சலுக்கு மின்னஞ்சல் ஓடின. நவம்பர் 25 காலை, இண்ட்ராப் அழைப்பில் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு மனு கொடுக்க வந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் மீது கண்ணீர்ப்புகையும் நீர்பீய்ச்சியும் பாய்ந்தன. காந்தி படத்தை உயர்த்திப் பிடித்தவர்கள் நனைந்து நின்ற காட்சியைக் குடிமக்களே எடுத்தார்கள். அடுத்த ஆண்டில் மலேசியாகினி பொதுமக்களுக்குச் செய்தி எழுதவும் காணொளி எடுக்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இந்த வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே துரத்துவது வேறொன்றை: இப்படிக் கைமாறும் படம் வழியில் எதை இழக்கிறது, எதை இழக்காது?

2008 மார்ச் தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் இண்ட்ராப் தலைவர்களில் ஒருவரான எம். மனோகரன் வென்றார். அப்போது அவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார். கை கூப்பி வீடு வீடாகப் போக வேண்டிய வேட்பாளர் வரவே முடியாது. அவருக்குப் பதிலாகப் பெயரும் முகமும்தான் தொகுதியைச் சுற்றி வந்தன. ஒரு முகத்தால் அவ்வளவு வேலை செய்ய முடிவது எப்படி?

மூளையில் முகத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மூளையின் அடிப்பக்கமாக இருக்கும் அந்த இடத்தை 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் மூளைப்படங்களில் பிரித்துக் காட்டினார்கள். அது முகத்தைப் புகைப்படம்போலச் சேமிப்பதாகத் தெரியவில்லை. நாம் பார்த்துப் பழகிய எல்லா முகங்களின் சராசரியிலிருந்து இந்த முகம் எங்கெங்கே விலகுகிறது என்பதைக் குறித்துக்கொள்வது போலத்தான் பல சோதனைகள் காட்டுகின்றன. மூக்கு சராசரி என்றால் அதைப் பற்றிக் குறிப்பே இல்லை. தாடை அகலம் என்றால் அது குறிப்பில் ஏறும்.

கேலிச்சித்திரக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையால் செய்துவந்ததை 1980களின் தொடக்கத்தில் சூசன் பிரென்னன் கணினியில் செய்து பார்த்தார். ஒரு முகத்தின் கோட்டு வரைபடத்தை எடுத்து, சராசரி முகத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் பெருக்கும் நிரல். கில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி இருவரோடும் சேர்ந்து 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் விந்தையான முடிவு வந்தது. தெரிந்த முகங்களின் சரியான கோட்டோவியத்தைவிட மிகைப்படுத்திய ஓவியத்தைத்தான் மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். எந்தப் படம் அசலை அதிகம் ஒத்திருக்கிறது என்று கேட்டபோதும் அவர்கள் கை, சுமார் 16 விழுக்காடு மிகைப்படுத்திய படத்தின் பக்கமே சாய்ந்தது. நிஜத்தைவிடக் கொஞ்சம் பொய்யான படம் நிஜம்போல இருக்கிறது.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இதற்கு ஒரு கடற்பறவைக் குஞ்சைச் சாட்சிக்கு அழைத்தார். நிக்கோ டின்பெர்கன் ஆராய்ந்த ஹெர்ரிங் கல் என்ற பறவையின் அலகில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். குஞ்சு அதைக் கொத்தினால் தாய் இரை கொடுக்கும். முனையில் பட்டைகள் இட்ட ஒரு மெல்லிய குச்சியை நீட்டியபோது, தாயின் தலையை அப்படியே நகலெடுத்த பொம்மையைவிட அதைத்தான் குஞ்சு ஆவேசமாகக் கொத்தியது. தாயைப் போலவே இல்லாத குச்சி, தாயைவிடத் தாயாகிவிட்டது. 1999இல் வில்லியம் ஹிர்ஸ்டைனோடு எழுதிய கட்டுரையில், சோழர் காலப் பார்வதி செப்புச்சிலையின் இடையும் ஒயிலும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன என்று ராமச்சந்திரன் வாதிட்டார். கலை ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. கலையை ஒரே சாவியால் திறந்துவிட முடியாது என்றார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சிற்பத்துக்குப் பொருந்துமோ இல்லையோ, சுவரொட்டிக்குப் பொருந்துகிறது.

2016 ஜனவரி 31இல் பஹ்மி ரேசா என்ற வடிவமைப்பாளர் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கைக் கோமாளியாக வரைந்து வெளியிட்டார். சுண்ணாம்பு வெள்ளை முகம், வில்லாய் வளைந்த புருவம், இரத்தச் சிவப்பு உதடு. ஊழல் நிறைந்த நாட்டில் நாம் எல்லாருமே நிந்தனையாளர்கள் என்ற பொருளில் மலாயில் ஒரு வரி. அவ்வளவுதான். போலீஸ் இணைய வழியாகவே எச்சரித்தது. அவர் மேலும் வரைந்தார். கிராஃபிக் கலைஞர்கள் குழு ஒன்று ஆதரவாகத் தங்கள் பங்குக்குக் கோமாளிகளை வரைந்து தள்ளியது.

அந்தப் படத்தின் தொழில்நுட்பத்தைப் பாருங்கள். கோமாளிப் பூச்சு ஒரு முகத்தின் சாயல், தோல், சுருக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. இருட்டும் வெளிச்சமும் என்ற இரண்டே நிலை மிஞ்சுகிறது. 1957இல் கிரெய்க் மூனி என்ற உளவியலாளர் நிழலுருவாகச் சுருக்கிய கறுப்பு-வெள்ளை முகங்களைக் காட்டியபோதும், திட்டுத் திட்டான அந்த மைக்கறைகளில் மக்கள் முகத்தைக் கண்டார்கள். 1960இல் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் புகைப்படம் உலகச் சுவர்களெங்கும் பரவியதும் இரண்டு நிறத் திட்டாகக் குறைந்த பிறகுதான். குறைக்கக் குறைக்க அச்சு மலிவாகும். அட்டையை வெட்டி ஸ்ப்ரே அடித்துக்கூட நகல் எடுக்கலாம்.

புருவத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 2003இல் பவன் சின்ஹாவின் குழு பிரபலங்களின் படங்களில் ஒருமுறை கண்களை அழித்தது, மறுமுறை புருவங்களை அழித்தது. ஆளைக் கண்டுபிடிக்க மக்கள் அதிகம் திணறியது புருவம் இல்லாத படத்தில். பஹ்மி ரேசா புருவத்தைத் தொட்டார். ஆனால் அழிக்கவில்லை, தூக்கி வளைத்தார். ஆளும் தெரிகிறார், கேலியும் தெரிகிறது. இந்த ஆய்வைப் படித்துவிட்டு அவர் வரைந்திருக்க வாய்ப்பில்லை. நல்ல கைக்கு ஆய்வு தேவைப்படுவதில்லை.

2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின் கீழ் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை நீங்கியது, அபராதம் 10,000 ரிங்கிட்டானது. இடையில் மே 9 தேர்தலில் நஜிப்பின் ஆட்சியே போய்விட்டிருந்தது. கேலிச்சித்திரக்காரர் சூனார் மீது 2015இல் டுவிட்டர் பதிவுகளுக்காகச் சுமத்தப்பட்ட ஒன்பது நிந்தனைக் குற்றச்சாட்டுகளும் 2018 ஜூலையில் கைவிடப்பட்டன.

அந்தத் தேர்தலில் அதிகம் பேசப்பட்ட கிராஃபிக்கை எந்தக் கலைஞரும் வரையவில்லை. தேர்தல் ஆணையம் கத்தரிக்கோலால் செய்தது. விளம்பரப் பலகையில் யார் யார் முகம் வரலாம் என்று ஆணையம் விதி போட்டிருந்தது. அதன்படி ஜொகூரில் ஒரு பெரிய பலகையிலிருந்து எதிரணித் தலைவர் மகாதீரின் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, நடுவில் ஓட்டை. நாட்டில் எல்லாருக்கும் அந்த ஓட்டைக்குள் மகாதீர் தெரிந்தார்.

1955இல் இத்தாலிய உளவியலாளர் கயெத்தானோ கனிட்சா, வாய் பிளந்த மூன்று கறுப்பு வட்டங்களை வைத்து ஒரு முக்கோணத்தைக் காட்டினார். அங்கே முக்கோணமே இல்லை. சுற்றியுள்ள வட்டங்களின் வெட்டுகளிலிருந்து மூளை அதன் விளிம்பை வரைந்துகொள்கிறது. 1984இல் குரங்குகளின் மூளையில், இல்லாத அந்த விளிம்புக்கே துடிக்கும் நரம்புச் செல்களைக் கண்டுபிடித்தார்கள். முகத்தை நிரப்புவது இதைவிடச் சிக்கலான வேலை, நினைவும் அதில் சேரும். என்றாலும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: சுற்றுப்புறம் அப்படியே இருக்கும்போது நடுவில் வெட்டுவது, வெட்டிய பொருளைச் சுட்டிக்காட்டும் வேலை. தணிக்கை செய்ய நினைப்பவர் பலகையையே கழற்றியிருக்க வேண்டும்.

கத்தரிக்கோலைவிடப் பெரிய தணிக்கையாளர் நம் சட்டைப்பைக்குள் இருக்கிறார். வாட்சாப்பில் படம் போகும்போது அளவு சுருங்குகிறது, ஜேபெக் முறையில் மறுபடியும் அழுத்தப்படுகிறது. அந்த முறையின் இதயமான கணிதத்தை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974 ஜனவரியில் வெளியிட்டார்கள். பெங்களூரில் பிறந்த அகமது அதற்கு ஈராண்டு முன்பே அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையிடம் உதவித்தொகை கேட்டிருந்தார். யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். இன்று உலகம் அனுப்பிக்கொள்ளும் புகைப்படங்களில் பெரும்பகுதி அந்த எளிமையில்தான் ஓடுகிறது.

படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று 64 அலை வடிவங்களின் கலவையாக எழுதுவார்கள். மெல்ல மாறும் அலைகளில் பரந்த நிறப்பரப்பு இருக்கும். வேகமாக மாறும் அலைகளில் முடி, துணியின் நெசவு, எழுத்தின் கூர்முனை இருக்கும். நுண்ணிய விவரத்தைக் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்பதால் அந்த எண்களை முரட்டுத்தனமாக முழுமைப்படுத்திவிடலாம், பல பூச்சியமாகிவிடும். நிறத் தகவலைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுவார்கள். வெளிச்சத் தகவலை மட்டும் முழுசாக வைத்துக்கொள்வார்கள். தட்டையான மஞ்சளும் தடித்த கறுப்புக் கோடும் இந்தச் சல்லடையில் தங்கும். நீலத்தின் மேல் சிவப்பில் பொடியாக எழுதிய தகவல் தங்காது. அதைத் திரைப்பிடிப்பு செய்து, இன்னொருவர் அனுப்பி, மூன்றாமவர் வெட்டி, நான்காமவர் மறுபடி அனுப்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் சேதம் ஏறும்.

தமிழில் இதற்குத் தனி ஆபத்து. நம் எழுத்தில் மிகச் சிறிய உறுப்பான மெய்ப்புள்ளிதான் முதலில் கரையும். இண்ட்ராப் காலத்தில் கிள்ளான் முதல் பத்துமலை வரை ஒலித்த முழக்கம் 'மக்கள் சக்தி'. சுருங்கிய படத்தில் ககரத்தின் தலைப்புள்ளி மங்கினால் சக்தி சகதியாகிவிடும். ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளி வைக்காமலேயே சமாளித்தார்கள், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று சொல்வார்கள். படிக்கிறவர் புலவராக இருந்ததால் வண்டி ஓடியது. வாட்சாப் வாசகர் நின்று யோசிக்க மாட்டார். தடித்த எழுத்துரு, புள்ளிக்கு மேலே தாராளமான இடம், வரிகளுக்கு இடையே மூச்சு: மலாய், சீனம், தமிழ் மூன்றையும் ஒரே பலகையில் அடைக்கும் நம்மூர் வழக்கத்தில் தமிழுக்குக் கிடைக்காதவை இவையே. கடைசி வரியில், மீந்த இடத்தில், பொடி எழுத்தில் வைத்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் தமிழைக் கணினிக்கும் கைபேசிக்கும் கொண்டுவந்தவர்களில் முன்னவர் இந்த வட்டாரத்துக்காரர். கேரித்தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980களில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். 2005இல் 'செல்லினம்' வந்து கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. தட்டச்சு செய்த எழுத்துக்குப் படத்துக்கு இல்லாத பலம் உண்டு: எத்தனை முறை அனுப்பினாலும் புள்ளி தேயாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பார்வையற்றவரின் கைபேசி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். படத்துக்குள் பூட்டிய எழுத்தை எடுத்துப் படிக்க அது திணறும். அதனால் சுவரொட்டியை அனுப்புகிறவர் அதன் கீழே இரண்டு வரி தட்டச்சு செய்தால், முன்பு எட்டாத வாசகரும் கிடைப்பார்.

வாட்சாப் வழியாக வரும் படம் இன்னொன்றையும் பறிகொடுக்கிறது. எந்தக் கருவி, எந்த நேரம், எந்த இடம் என்று கேமரா படத்தோடு சேர்த்து எழுதிவைத்த குறிப்புகள் அனைத்தும் போய்விடும். 'இன்று காலை கிள்ளானில்' என்று ஒரு படம் வந்தால் அதை நம்புவதா வேண்டாமா? குறிப்பு போனாலும் நிழல் போகாது. குடிமக்கள் செய்தியாளருக்கு இதைவிட மலிவான கருவி இல்லை.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. நம் கடிகாரமோ 1982இலிருந்து கிழக்கே தள்ளி, 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் அது தலைக்கு நேர் மேலே வரும். கொடிக்கம்பத்துக்கு நிழலே இராது. நவம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிவேளை நிழல் வடக்கே விழும். ஜூலையில் தெற்கே விழும். இண்ட்ராப் பேரணி நடந்த நவம்பர் 25க்கும், அம்பிகா தலைமையிலான பெர்சே நடந்த ஜூலை 9க்கும் உச்சிப்பொழுது நிழல்கள் நேரெதிர்த் திசையில் கிடக்கும். பெர்சே 4 நடந்த ஆகஸ்டு 29இல் அந்த ஒன்றேகால் மணிக்கு, ஐந்தரை அடி ஆளின் நிழல் ஒரு சாணுக்கும் குறைவு. அந்த நாளின் உச்சிவேளை என்று சொல்லி வரும் படத்தில் ஆள் நீள நிழல் கிடந்தால், படமோ பேச்சோ ஒன்று பொய்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் பிற்பகலில் மூடிக்கொள்ளும், நிழலும் போய்விடும். அப்போது பின்னணியைப் பார்க்க வேண்டும். துன் சம்பந்தன் சாலைக்கு மேலே மோனோரயில் தண்டவாளம் தெரிந்தால், அது மோனோரயில் ஓடத் தொடங்கிய 2003க்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய பிரிக்பீல்ட்ஸ் படமாக இருக்க முடியாது. 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கோபுரத்தின் உச்சி ஊசி 2021 நவம்பர் கடைசியில்தான் ஏறியது. மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்குப் பின்னால் அந்த ஊசி நின்றால், தலைப்பில் 2015 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அனுப்பியவரிடம் அசல் கோப்பைக் கேளுங்கள்.